பெரும் நிலநடுக்கத்திற்குப் பிறகு கிழக்குக் கரைக்கு வரலாமா என்று கேட்பவர்களுக்கு நாம் என்ன சொல்வது?

உல்லைவாசி (பொத்துவில்)

அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கிழக்கிலங்கையின் அறுகம்பையில் கடற்கரையை அண்டி ஒரு சிறிய விடுதி நடத்தி வருகிறேன். 2025 ஜூலை 30 அதிகாலையில் ரஷ்யாவின் கம்சட்கா கரைக்கு அப்பால் 8.8 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டதும், ஜப்பான், ஹவாய் என்று எல்லாத் தொலைக்காட்சிகளிலும் சுனாமி எச்சரிக்கை ஓடத் தொடங்கியதும் உங்களுக்குத் தெரியும். அன்று காலையிலிருந்து என் தொலைபேசி ஓயவில்லை. ஓகஸ்ட் மாதத்திற்கு அறை பதிந்தவர்களில் சிலர் இரத்துச் செய்துவிட்டார்கள்; வேறு சிலர் "உங்கள் கடற்கரை பாதுகாப்பானதா?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டு என் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.

எங்களுக்கு வருமானம் தரும் மாதங்கள் மே முதல் செப்டம்பர் வரைதான் என்பதும், வாடைக்காற்று தொடங்கிவிட்டால் அலைச்சறுக்கு வீரர்கள் தெற்குக் கரைக்குப் போய்விடுவார்கள் என்பதும் இங்குள்ளவர்கள் அறிந்ததே. ஆனாலும் வருமானத்திற்காகப் பொய் சொல்லி ஒருவரை இங்கு வரவழைக்க எனக்கு மனமில்லை. "ஒன்றும் நடக்காது, வாருங்கள்" என்று எழுதிவிடலாம். 2004 இல் இந்தக் கரையில் நின்றவன் அப்படி எப்படி எழுதுவது? உண்மையும் கெடாமல், கேட்பவரின் அச்சமும் தீரும் வண்ணம் என்ன எழுதலாம் என்று சொல்லுங்கள்.


கல்லடி ஆசிரியர் (மட்டக்களப்பு)

நானா, முதலில் இந்த நிலநடுக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். கம்சட்கா நமது கரையிலிருந்து எட்டாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால், பசிபிக் பெருங்கடலின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. அங்கு எழுந்த அலை பசிபிக் கரைகளை நோக்கித்தான் விரிந்தது. அதற்கும் நமக்கும் இடையில் ஜப்பான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியத் தீவுக்கூட்டம், மலாயத் தீபகற்பம் எல்லாம் குறுக்கே கிடக்கின்றன. குரில் தீவுகளில் உள்ள செவெரோ-குரில்ஸ்க் துறைமுகத்தில் கடல் நீர் புகுந்தது உண்மை. ஜப்பானில் ஏறத்தாழ இருபது இலட்சம் பேரை மேட்டு நிலத்திற்குச் செல்லுமாறு அறிவுறுத்தியதும் உண்மை. அந்தச் செய்தியைப் பார்த்து ஒருவர் அறுகம்பைப் பயணத்தை இரத்துச் செய்வதற்குப் புவியியல் ரீதியாக எந்தக் காரணமும் இல்லை. இதை நீங்கள் தயக்கமின்றி எழுதலாம்.

2025 மார்ச் 28 இல் மியன்மாரில் 7.7 அளவில் நிலம் நடுங்கியபோதும் இதே கேள்விதான் எழுந்தது. அது சகாயிங் பிளவில், மண்டலே நகருக்கு அருகே, நிலப்பரப்பின் உள்ளே நிகழ்ந்தது. ஆயிரம் கிலோமீற்றர் தொலைவிலிருந்த பாங்கொக்கில் கட்டி முடிக்கப்படாத உயர்ந்த கட்டடம் ஒன்று சரிந்ததற்கு அந்நகரின் மென்மையான களிமண் அடித்தளம் அதிர்வைப் பெருக்கியதும் ஒரு காரணம். அந்தப் பிளவில் நிலத்தட்டுகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் உரசிச் செல்கின்றன. கடலடி மேலெழவில்லை, ஆகவே பேரலைக்கு இடமில்லை. நிலநடுக்கம் என்றாலே சுனாமி என்று நம் மக்கள் நினைப்பதில் வியப்பில்லை, பட்டவர்கள் நாம். ஆனால் எங்கே, எந்த வகையில் என்ற இரண்டையும் கேட்காமல் அச்சப்படுவதோ ஆறுதல் சொல்வதோ பொருளற்றது.

நம் கிழக்குக் கரைக்கு உண்மையான ஆபத்து வரக்கூடிய திசை ஒன்றுதான்: அந்தமான், நிக்கோபார் தீவுகளிலிருந்து சுமாத்திரா வழியாகத் தெற்கே செல்லும் கடலடிப் பள்ளம். அங்கே இந்திய-அவுஸ்திரேலியத் தட்டு மற்றொரு தட்டின் கீழ் செருகிச் செல்கிறது. அங்கு மிகப் பெரிய செருகல் நிலநடுக்கம் நிகழ்ந்தால்தான் நாம் எழுந்து நிற்க வேண்டும். மக்ரான் கரை என்று பாகிஸ்தான், ஈரான் பக்கத்தில் இன்னொன்று உண்டு. அது நமக்கு எதிர்ப்பக்கம்.


பாசிக்குடா வரவேற்பாளர் (கல்குடா)

ஆசிரியர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் விருந்தினர் நமக்கு எழுதுவது பாடம் கேட்பதற்கல்ல. நான் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் பணிபுரிகிறேன், அனுபவத்தில் சொல்கிறேன். "இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை, விடுதி வழமைபோல் இயங்குகிறது, கடல் அமைதியாக இருக்கிறது" என்ற மூன்று விடயங்களுக்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். 2004 என்ற எண்ணை நாமாக எழுதினால், அதுவரை அதைப் பற்றி நினைக்காதவரும் நினைக்கத் தொடங்குவார். பாசிக்குடாவில் இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடந்து போகலாம் என்று குழந்தைகளோடு வருகிறவர்களிடம் போய் சுனாமியைப் பற்றிப் பேசுவது பொருத்தமா?


திருக்கோவில் மகள் (திருக்கோவில்)

தம்பி, உங்கள் தொழிலின் சிரமம் எனக்கு விளங்குகிறது. ஆயினும் இதில் உங்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

அம்பாறை மாவட்டம் மட்டும் அன்று பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்தது. இலங்கையிலேயே அதிகம் இழந்த மாவட்டம் நம்முடையது. என் தாய் வழியில் ஒரு வீடு முழுவதும் போனது. அந்த உயிர்கள் ஏன் போயின என்று எண்ணிப் பாருங்கள். காலை ஏழு மணிக்குச் சற்று முன் சுமாத்திராவில் நிலம் நடுங்கியது. அலை இங்கு வர ஒன்றரை மணி நேரத்திற்கும் மேலாயிற்று. அவ்வளவு நேரம் கையிலிருந்தும், இந்தியப் பெருங்கடலுக்கென்று ஓர் எச்சரிக்கை முறைமை அன்று இருக்கவில்லை. சொல்வதற்கு ஆளில்லை, கேட்பதற்கும் வழியில்லை. கடல் உள்வாங்கியபோது மீன் துள்ளுவதைப் பார்க்கப் பிள்ளைகள் கடலை நோக்கி ஓடினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு எவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை என்பதுதான் இருபது ஆண்டுகள் கடந்தும் என் நெஞ்சை அறுக்கிறது.

இப்போது நம் வீட்டுக்கு விருந்தாக வருகிற ஒருவரிடமும் சொல்லாமல் இருப்போம் என்கிறீர்கள். அவர் அச்சப்படக் கூடாது என்பதற்காக அவர் அறியாமல் இருக்க வேண்டும் என்றால், அந்த ஆறுதல் யாருக்கு? கல்லடியில் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் அலையில் சாய்ந்தபடியே நிற்பதைப் பார்க்க வெளிநாட்டவர்கள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாத கதை ஒன்றும் அல்ல இது. நாம் பேசாமல் இருப்பதால் அவர்கள் மறந்துவிடப் போவதில்லை. நாம் எதையோ மறைக்கிறோம் என்றுதான் எண்ணுவார்கள்.


வாவிமகன் (சூரிச்)

இந்த உரையாடலில் நான் கேட்கும் பக்கத்தில் இருப்பவன், ஆகவே எழுதுகிறேன். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் தேருக்கு மனைவி பிள்ளைகளுடன் வந்து, திருவிழா முடிந்ததும் சில நாட்கள் கடற்கரையில் தங்குவதாக இருந்தோம். என் மனைவி சுவிற்சர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர். கம்சட்கா செய்தியைப் பார்த்த நாளிலிருந்து, கோவிலுக்கு வருவேன், கடலோரம் மட்டும் வேண்டாம் என்கிறார்.

விடுதி ஒன்றுக்கு எழுதிக் கேட்டோம். "கவலை வேண்டாம், எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் படித்ததும் அவருடைய அச்சம் கூடியதே தவிரக் குறையவில்லை. அவர் கேட்டது வேறு: ஏதேனும் நேர்ந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும், எங்கே போவது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு விடை தருகிற இடம்தான் பாதுகாப்பான இடம் என்று அவர் நினைக்கிறார். எனக்கும் அதில் பிழை தெரியவில்லை.


கல்லடி ஆசிரியர் (மட்டக்களப்பு)

சூரிச்சிலிருந்து எழுதும் தம்பியின் கேள்விகள் சரியான கேள்விகள். அவற்றுக்கு விடை இருக்கிறது என்பதும், அந்த விடை 2004 இல் இருந்ததை விட எவ்வளவோ மேலானது என்பதும்தான் நாம் தரக்கூடிய உண்மையான ஆறுதல்.

முதலாவது, நேரம். 2004 இல் நிலநடுக்கத்தின் மையம் நம் கரையிலிருந்து ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. ஆழ்கடலில் பேரலை மணிக்கு எழுநூறு, எண்ணூறு கிலோமீற்றர் வேகத்தில் பயணம் செய்யும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமாத்திராவின் ஆச்சே கரையில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது நிமிடங்கள்; ஜப்பானின் வடகிழக்குக் கரையில் 2011 இல் பலருக்கு அரை மணி நேரம் அளவில்தான் கிடைத்தது. நமக்கு ஒன்றரை மணி நேரத்திற்கும் மேல் கிடைக்கும். நல்ல நடை நடக்கக்கூடிய ஒருவர் அந்த நேரத்தில் ஆறு, ஏழு கிலோமீற்றர் உள்ளே போய்விடலாம். 2004 இல் அலை புகுந்தது பெரும்பாலான இடங்களில் சில நூறு மீற்றர்கள், சில இடங்களில் ஒரு கிலோமீற்றரைத் தாண்டி.

இரண்டாவது, இதே நேரத்தில் ஒளிந்திருக்கும் ஒரு ஆபத்து. நிலநடுக்க நாடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, நிலம் பலமாக ஆடினால் உடனே மேட்டுக்கு ஓடு என்பதாகும். நமக்கு அந்த அறிகுறி கிடைக்காது. சுமாத்திராவில் பூமி பிளந்தாலும் கட்டிலில் படுத்திருப்பவருக்குக் கல்லடியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். வெளிநாட்டுப் பயணி ஒருவர் தன் ஊரில் கற்ற பாடத்தை நம்பி, நிலம் ஆடவில்லையே என்று இங்கு கடற்கரையில் படுத்திருக்கக் கூடும். ஆகவே இங்கு செய்தி கிடைப்பதுதான் எல்லாமே. கடல் வழக்கத்திற்கு மாறாக உள்வாங்குவதும், தூரத்தில் பெரிய இரைச்சல் எழுவதும் கடைசி அறிகுறிகள். அவற்றுக்காகக் காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது, செய்தி எப்படி வரும் என்பது. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்கள் இந்தியப் பெருங்கடல் முழுவதற்கும் தகவல் வழங்கி வருகின்றன. கடலடியில் அழுத்தத்தை அளக்கும் கருவிகளும் கரையோர நீர்மட்ட அளவிகளும் அவற்றுக்குத் துணை நிற்கின்றன. இங்கு வளிமண்டலவியல் திணைக்களம் அத்தகவலைப் பெற்று எச்சரிக்கை விடுக்க, 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதை மாவட்டங்களுக்கும் பொலிசாருக்கும் முப்படைகளுக்கும் கொண்டு சேர்க்கிறது. பொதுமக்கள் அழைக்கக் கூடிய இலக்கம் 117.

இது தாளில் மட்டும் உள்ள ஏற்பாடு என்று யாரும் சொல்ல முடியாது. 2012 ஏப்ரல் 11 ஐ நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி கடந்திருந்தது. சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் கடலடி நடுங்கியது; இரண்டு மணி நேரம் கழித்து 8.2 அளவில் மீண்டும் ஒன்று. எச்சரிக்கை வந்தது; கல்லடியிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் சனங்கள் அலை வரும் முன்பே கரையை விட்டு வெளியேறினார்கள். வீதி நெரிசல் இருந்தது, கூச்சல் இருந்தது, ஆனால் கடற்கரை வெறுமையாகிவிட்டது. தட்டுகள் பக்கவாட்டில் உரசிய நிலநடுக்கம் அது என்பதால் பெரிய அலை எழவில்லை. மாலையில் எச்சரிக்கை விலக்கப்பட்டது. அலை வராத நாளை "வீண் அலைச்சல்" என்று சிலர் சொன்னார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கரையின் பாதுகாப்புக்கு நாம் வைத்திருக்கும் மிகச் சிறந்த சான்று அந்த நாள்தான்.


வந்தாறுமூலை மாணவர் (வந்தாறுமூலை)

ஆசிரியர் எழுதியதோடு நேபாளத்தின் அனுபவத்தையும் சேர்க்க விரும்புகிறேன். சுற்றுலாத்துறை பற்றிப் படிக்கிறவன் என்பதால் இதை ஓரளவு ஆழமாகப் பார்த்திருக்கிறேன்.

2015 ஏப்ரல் 25 இல் கோர்க்கா மாவட்டத்தை மையமாகக் கொண்டு 7.8 அளவிலும், மே 12 இல் 7.3 அளவிலும் அங்கு நிலம் நடுங்கியது. ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் இறந்தார்கள். காத்மண்டுவின் தரஹரா கோபுரம் விழுந்தது, லாங்டாங் பள்ளத்தாக்கில் ஒரு கிராமமே பனிச்சரிவில் புதைந்தது. உலகம் முழுவதும் காட்டப்பட்ட படங்கள் இவைதான். ஆகவே "நேபாளம் அழிந்துவிட்டது" என்ற எண்ணம் பரவியது. உண்மையில் அன்றைய 75 மாவட்டங்களில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவை 14. பொக்காரா நகரம் பெரும்பாலும் தப்பியிருந்தது. சித்வான் காடும் புத்தர் பிறந்த லும்பினியும் வழமைபோல் இருந்தன. பசுபதிநாதர் ஆலயத்தின் மூலக்கோவில் உறுதியாக நின்றது. இருந்தும் எல்லா இடங்களுக்குமான பயணங்களும் ஒரே அடியாக இரத்தாயின. 2014 இல் ஏறத்தாழ 7.9 இலட்சமாக இருந்த வெளிநாட்டு வருகை 2015 இல் 5.4 இலட்சமாக வீழ்ந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் இந்திய எல்லையில் ஏற்பட்ட தடையும், அதனால் வந்த எரிபொருள் பஞ்சமும் அதற்கு ஒரு பங்கு காரணம்.

வருகை மீண்டது எப்படி என்பதுதான் நமக்குப் பயன்படும். பொதுவாக "நேபாளம் பாதுகாப்பானது" என்று சொன்னபோது எவரும் நம்பவில்லை. அன்னபூர்ணா மலைப்பாதைகளையும் எவரெஸ்ட் பகுதியையும் கட்டடப் பொறியியலாளர்கள் நேரில் நடந்து பார்த்து, எந்தப் பாலம் உறுதியானது, எந்தத் தங்குமனை விரிசல் கண்டது என்று அறிக்கை தந்த பிறகுதான் பயண நிறுவனங்கள் மீண்டும் குழுக்களை அனுப்பத் தொடங்கின. திறந்த பாதை எது, மூடிய பாதை எது என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னார்கள். லாங்டாங் மூடியிருக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னதால்தான் அன்னபூர்ணா திறந்திருக்கிறது என்ற சொல்லுக்கு மதிப்பு வந்தது. 2016 இல் எண்ணிக்கை ஏழரை இலட்சமாக உயர்ந்தது. 2017 இல் ஒன்பது இலட்சத்தைக் கடந்து நிலநடுக்கத்திற்கு முந்தைய நிலையையும் தாண்டிவிட்டது.


பாசிக்குடா வரவேற்பாளர் (கல்குடா)

அக்காவின் பதிலைப் படித்தபின் நெடுநேரம் எழுத முடியவில்லை. நான் மறைக்கச் சொல்லவில்லை, நாமாக முந்திக்கொண்டு அச்சமூட்ட வேண்டாம் என்றேன். ஆனால் சூரிச் அண்ணன் எழுதியது வேறு ஒரு பக்கத்தைக் காட்டுகிறது. கேட்பவருக்கு முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

அதேவேளை இரண்டு விடயங்களில் என் கருத்தில் மாற்றமில்லை. ஒன்று, அறை வாடகையைக் குறைத்து ஆட்களை இழுக்கக் கூடாது. ஆபத்து இல்லை என்று வாயால் சொல்லிக்கொண்டு பாதி விலைக்கு அறையைக் கொடுத்தால், அந்த விலையே ஆபத்து இருக்கிறது என்று சொல்லிவிடும். அதற்குப் பதில் கட்டணம் இல்லாமல் திகதியை மாற்றிக்கொள்ள இடமளிக்கலாம். என் அனுபவத்தில் அப்படி இடமளித்தால் பெரும்பாலானவர்கள் மாற்றாமலே வந்துவிடுகிறார்கள். இரண்டு, நாம் வெளிநாட்டவரைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். பாசிக்குடாவுக்கு வார இறுதியில் வருவோரில் பெரும்பகுதியினர் நம் நாட்டவர்கள். மலையகத்திலிருந்து பாடசாலைச் சுற்றுலாவாக ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகள் வருவதாக இருந்து, பெற்றோர் தடுத்துவிட்டார்கள் என்று அதிபர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். கடலையே கண்டிராத பிள்ளைகள் அவர்கள். பெற்றோருக்குத் தமிழில் அனுப்பக்கூடிய ஒரு கடிதமும் நமக்கு வேண்டும்.


மருதமுனைத் தொண்டர் (மருதமுனை)

எல்லோரும் கடிதத்தைப் பற்றிப் பேசுகிறோம். கடிதத்தில் எழுதப்போகும் விடயம் தரையில் இருக்க வேண்டும் அல்லவா?

கடற்கரையோரமாகப் பயணித்துப் பாருங்கள். அபாயம் நேர்ந்தால் வெளியேறும் வழியைக் காட்டும் பலகைகள் நாட்டப்பட்டன. உப்புக்காற்றில் துருப்பிடித்து, அம்புக்குறி எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்பவற்றை நான் கண்டிருக்கிறேன். அறுகம்பையின் உல்லைப் பகுதியில் ஓர் ஒழுங்கை. கடற்கரையிலிருந்து பிரதான வீதிக்கு ஏறுவதற்கு அதுதான் குறுக்குவழி. அதன் ஒரு பக்கத்தில் அலைச்சறுக்குப் பலகைகளை அடுக்கும் மரத்தாங்கி, மறுபக்கத்தில் வரிசையாக முச்சக்கரவண்டிகள், நடுவில் ஒருவர் பின் ஒருவராக நடக்கத்தான் இடம். இரவில் அங்கு ஒரு விளக்கும் இல்லை. எச்சரிக்கை வந்த இரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நூறு பேர் அந்த ஒழுங்கைக்குள் நுழைவதை நினைத்துப் பாருங்கள். 2005 மார்ச் 28 இல் நியாஸ் தீவுப் பக்கம் 8.6 அளவில் நடுங்கியபோது நமக்கு எச்சரிக்கை வந்தது இரவு பத்து மணிக்கு மேல் என்பதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது முகாம்களில் இருந்தோம். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இருட்டில் ஓடினோம்.

எச்சரிக்கைக் கோபுரங்கள் கரையோரம் உண்டு. அவை ஒலிக்கும் என்று மட்டும் நம்பி இருக்கக் கூடாது. இயந்திரம் பழுதாகும், மின்சாரம் போகும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி, கோவில் ஒலிபெருக்கி, கிராம உத்தியோகத்தரின் தொலைபேசி, கடற்றொழிலாளர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு என்று நான்கு வழியாலும் செய்தி வர வேண்டும். விடுதிகள் இந்தக் குழுக்களில் இணைந்திருக்கின்றனவா? வெளியூர் முதலாளிகள் நடத்தும் பல விடுதிகளில் இரவுக் காவலாளிக்கு உள்ளூர்ப் பள்ளிவாசல் நிர்வாகியின் தொலைபேசி இலக்கம்கூடத் தெரியாது. முதலில் இதைச் சரிசெய்வோம்.


கல்லடி ஆசிரியர் (மட்டக்களப்பு)

தொண்டர் சொன்னதற்கு ஒரு சிறு இணைப்பு. வெளியேறும் வழியை ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்தின் நிலத்தைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். நம் கரை, கடலுக்கும் களப்புக்கும் (வாவிக்கும்) இடையில் நீளமாகக் கிடக்கும் நாடா. நாவலடியில் கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒரு மணல் திட்டு மட்டுமே இருந்ததால் ஓடியவர்களுக்கும் போக இடமில்லாமல் போயிற்று. ஆகவே "கடலுக்கு எதிர்ப்பக்கம் ஓடுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் சிலர் களப்புக் கரையில் போய் நிற்பார்கள். பேரலை முகத்துவாரம் வழியாகக் களப்புக்குள்ளும் ஏறும். எந்தப் பாலம், எந்த வீதி, எந்த மாடிக் கட்டடம் என்று பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். முதல் அலை சிறிதாக இருந்தால் திரும்பிவிடக் கூடாது, அடுத்தடுத்த அலைகள் பெரிதாக வரலாம், அதிகாரிகள் சொல்லும் வரை பல மணி நேரம் உள்ளேயே இருக்க வேண்டும் என்பதையும் சேருங்கள்.

சூரிச் தம்பி, உங்கள் துணைவியாரிடம் ஒன்று சொல்லுங்கள். கொக்கட்டிச்சோலை வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. 2004 இல் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை கடலோடு போராடிக்கொண்டிருந்தபோது படுவான்கரை மக்கள்தான் சமைத்துக் கட்டி அனுப்பினார்கள்.


உல்லைவாசி (பொத்துவில்)

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதையெல்லாம் வைத்து ஒரு பதிலைத் தயாரித்திருக்கிறேன். ஆங்கிலத்திலும் ஜேர்மன் மொழியிலும் அனுப்ப வேண்டும். அதற்கு முன் தமிழில் இங்கு இடுகிறேன், திருத்துங்கள்.

"அன்புடையீர், உங்கள் கேள்விக்கு நன்றி. ஜூலை 30 நிலநடுக்கம் பசிபிக் பெருங்கடலில், எங்கள் கரையிலிருந்து எட்டாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் நிகழ்ந்தது. அதனால் அறுகம்பையில் எவ்விதப் பாதிப்பும் இல்லை. வீதிகளும் கடைகளும் விடுதிகளும் வழமைபோல் இயங்குகின்றன, கடலில் படகுகளும் போய் வருகின்றன.

எங்கள் கரைக்கு ஆபத்து வரக்கூடியது சுமாத்திரா, அந்தமான் பக்கத்தில் ஏற்படும் மிகப் பெரிய கடலடி நிலநடுக்கத்தால். அது அரிதாக நிகழ்வது. ஆனால் 2004 இல் நிகழ்ந்தது, நாங்கள் இங்கு வாழ்கிறவர்கள், அதை மறக்கவில்லை. அப்படி நேர்ந்தால் அலை இங்கு வர ஒன்றரை மணி நேரத்திற்கும் மேலாகும். நிலம் ஆடுவதை நீங்கள் இங்கு உணராமல் இருக்கலாம், ஆகவே எங்கள் செய்தியை நம்புங்கள். எங்கள் விடுதியில் இரவும் பகலும் ஒருவர் விழித்திருப்பார். அவர் கதவைத் தட்டினால் பொருட்களை விட்டுவிட்டு உடனே அவருடன் புறப்படுங்கள். வந்து சேர்ந்த முதல் மாலையிலேயே வெளியேறும் வழியை உங்களுடன் நடந்து காட்டுவோம். உங்கள் மனம் இன்னும் ஒப்பவில்லை என்றால் திகதியைக் கட்டணமின்றி மாற்றித் தருகிறோம்."


திருக்கோவில் மகள் (திருக்கோவில்)

நானா, மிகவும் நன்றாக வந்திருக்கிறது. "மறக்கவில்லை" என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது.

இரண்டு திருத்தங்கள். நடந்து காட்டும்போது குழந்தைகளையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்; பெரியவர்கள் அறையில் இருக்கையில் பிள்ளைகள் தனியே கரையில் விளையாடிக்கொண்டிருக்கலாம். கடல் உள்வாங்கினால் பார்க்கப் போகக் கூடாது என்பதை அவர்களுக்கென்று தனியே ஒரு வரியில், படத்தோடு எழுதி அறையில் ஒட்டுங்கள். அடுத்தது, விடுதியில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அதே அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும். விருந்தினரை வெளியே அனுப்பிவிட்டுத் தாங்கள் சமையலறையில் நிற்கிறவர்களாக அவர்கள் இருக்கக் கூடாது.


பாசிக்குடா வரவேற்பாளர் (கல்குடா)

இந்தக் கடிதத்தை எங்கள் முகாமையாளரிடம் காட்டினேன். பாசிக்குடாவுக்கு ஏற்ப வழியை மட்டும் மாற்றிப் பயன்படுத்த ஒப்புக்கொண்டார். பாடசாலை அதிபருக்கான கடிதத்தை நானே எழுதினேன்: பேருந்து பிள்ளைகளை இறக்கிவிட்டு எங்கோ போய்விடாமல் வீதியோரம் முகப்பை ஊர்ப்பக்கம் திருப்பியபடி நிற்கும், ஒவ்வோர் ஆசிரியரிடமும் அவர் பொறுப்பிலுள்ள பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் இருக்கும் என்றெல்லாம் சேர்த்திருக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவதாக அதிபர் சொல்லியிருக்கிறார்.


வாவிமகன் (சூரிச்)

நானாவின் பதிலை ஜேர்மன் மொழியில் ஆக்கி மனைவியிடம் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்துவிட்டு, "இரவில் விழித்திருப்பவர் எந்த மொழி பேசுவார்?" என்று மட்டும் கேட்டார். பயணத்தைப் பற்றி இப்போது எங்கள் வீட்டில் விவாதம் இல்லை. தேர் முடிந்ததும் பொத்துவிலுக்கு வருகிறோம்.


உல்லைவாசி (பொத்துவில்)

அல்ஹம்துலில்லாஹ். தம்பி, இரவில் இருப்பவர் என் மருமகன். ஆங்கிலம் நன்றாகப் பேசுவார், ஜேர்மன் மொழியில் தேவையான நான்கைந்து வாக்கியங்களை நீங்கள் எழுதி அனுப்பினால் மனனம் செய்துகொள்வார். உங்களுக்கு மாடியில் உள்ள அறையை ஒதுக்கியிருக்கிறேன்.

தங்கை சொன்ன இரண்டு திருத்தங்களையும் சேர்த்துக் கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். தொண்டர் குறிப்பிட்ட ஒழுங்கை எங்கள் பக்கத்து ஒழுங்கைதான். பலகைத் தாங்கிகளை உள்ளே எடுப்பது பற்றியும், முச்சக்கரவண்டிகளுக்கு வேறு தரிப்பிடம் கேட்பது பற்றியும், விளக்குப் போடுவது பற்றியும் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு விடுதிக்காரர்கள் கூடுகிறோம். கிராம உத்தியோகத்தரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கோமாரி, பாணமைப் பக்கத்தில் விடுதி வைத்திருப்பவர்களும் வந்தால் ஒரே வாட்ஸ்அப் குழுவாக அமைத்துக்கொள்ளலாம்.